பெரிய வியாழனன்று என் காலைக் கழுவ விடலாமா? – ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை செய்கிறீர்கள். உங்கள் சபையில் இந்த வருடம் பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன், இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட இரவின் நினைவு) ஆராதனையில் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவப் போகிறார்கள், உட்காருகிறவர்களில் ஒருவராக உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆயரோடு சேர்ந்து கழுவ வருகிற ஒரு மூப்பருக்கும் உங்களுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. “இயேசு செய்யச் சொன்னது இந்தச் சடங்கைத்தானா? சொந்தச் சபையாருக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதுமா? என் காலை இன்னொருவர் தொடுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நான் போய் உட்காரட்டுமா வேண்டாமா?” என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் புத்தகத்தில் தேடினால் ஓரளவு கிடைக்கும். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மூன்றாவது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அங்கே வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆயர். 31 வருட ஊழியத்தில் பெரும்பகுதி தாராபுரம், காங்கேயம், கோபி பக்கத்துக் கிராமச் சபைகளில் கழிந்தது. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தேன், இன்றும் புதிய ஏற்பாட்டை அந்த மொழியில் மெதுவாகப் படிக்க முடியும். ஆனால் உங்களுக்கும் அந்த மூப்பருக்கும் இடையில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன், அது முறையும் இல்லை.

கால் கழுவிய சம்பவம் யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களும் அந்த இரவில் அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றிச் சொல்கின்றன. யோவான் அவற்றைச் சொல்லாமல் இதைச் சொல்கிறார். இயேசு போஜனத்தை விட்டு எழுந்து, மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை அரையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துக் கழுவ ஆரம்பிக்கிறார். நடுச்சாப்பாட்டில் எழுந்தார் என்பதைக் கவனியுங்கள். கால் கழுவுகிற நேரம் அது இல்லை. நம் பக்கத்தில் விருந்தாளி வந்தால் வாசலிலேயே சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். வந்தவர் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வருவார். அந்த நாட்டிலும் வழக்கம் கிட்டத்தட்ட இதேதான். ஆதியாகமம் 18-ல் ஆபிரகாம் தன் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார், கழுவிக்கொள்வது அவர்கள் வேலை. லூக்கா 7-ல் இயேசு பரிசேயனான சீமோனிடம், என் கால்களுக்குத் தண்ணீர் தரவில்லையே என்றுதான் கேட்கிறார், நீ ஏன் கழுவவில்லை என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரரின் மரியாதை. குனிந்து உட்கார்ந்து தேய்த்துவிடுவது வேறு. வீட்டுக்காரர் அதைச் செய்வதில்லை, இங்கேயும் செய்வதில்லை.

காங்கேயம் பக்கத்தில் ஒரு வீட்டு ஜெபத்தில் இந்த அதிகாரத்தை வாசித்தபோது ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். “ஏனுங்க ஐயா, அவரு சீலையா கட்டிக்கிட்டாரு?” என்றார். எங்கள் பக்கம் சீலை என்றால் சேலைதான். பழைய மொழிபெயர்ப்பில் அது துணி, துண்டு என்ற பொருளில் வருகிறது, கிரேக்கத்தில் லெந்தியோன், அதாவது நார்த்துணித் துண்டு என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருந்தாலும் பொம்பளைங்க வேலையத்தான் செஞ்சிருக்காருங்க” என்றார். நான் படித்த எந்த விளக்கவுரையும் அவ்வளவு நேராக அதைச் சொன்னதில்லை. வேதத்தைப் புரட்டினால் அவர் சொன்னது சரி. 1 சாமுவேல் 25-ல் தாவீதின் ஊழியக்காரருடைய கால்களைக் கழுவும் பணிவிடைக்காரியாக இருக்கத் தயார் என்கிறவள் அபிகாயில். இயேசுவின் கால்களைக் கண்ணீரால் நனைத்தவள் ஒரு பெண். 1 தீமோத்தேயு 5-ல் பரிசுத்தவான்களுடைய கால்களைக் கழுவினவள் என்ற நற்சாட்சி ஒரு விதவைக்குத்தான் கேட்கப்படுகிறது. இது வேலைக்காரர்களும் பெண்களும் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமான ஒன்றும் இருக்கிறது, அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரசங்கங்களில், யூத அடிமைகூட இந்த வேலையைச் செய்யமாட்டான், அவ்வளவு கேவலமானது என்று அடித்துச் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பிரசங்கித்தேன். எபிரெய அடிமையை இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற குறிப்பு மெக்கில்தா என்ற யூத உரைநூலில் உண்டு. ஆனால் அந்த நூல் தொகுக்கப்பட்டது இயேசுவின் காலத்துக்குப் பிறகு. அவர் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுவே நடைமுறையாக இருந்தது என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. அதேபோல, முழுகினவன் தன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும் என்ற 10-ஆம் வசனத்தில், கால்களைப் பற்றிய அந்தச் சொற்கள் சினாய்ப் பிரதி என்ற பழைய கையெழுத்துப் பிரதியில் இல்லை. அந்த ஒரு வசனத்தின் மேல் பெரிய உபதேசத்தைக் கட்ட நான் தயங்குவேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் காலும் கழுவப்பட்டதா என்பதில் தயக்கமே வேண்டாம். கால் கழுவி முடித்து இயேசு திரும்ப உட்கார்ந்த பிறகுதான் அவன் எழுந்து இருட்டுக்குள் போகிறான். அவன் காலும் அந்தத் துண்டால் துடைக்கப்பட்டது.

இனி, இதைச் சடங்காகச் செய்ய வேண்டுமா? இந்த விஷயத்தில் சபைகள் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை. ஸ்பெயினில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய எல்விரா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம், ஞானஸ்நானம் பெறுகிறவர்களின் கால்களைக் குருமார் கழுவக் கூடாது என்று தடை போட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கழுவினார், ரோமாபுரியில் இந்த வழக்கம் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மெனோனைட் சபையார் 1632-ல் எழுதிய டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையில் இதைக் கட்டளையாகவே சேர்த்தார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் திருவிருந்துக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவிக்கொள்கிறார்கள். கத்தோலிக்கர்கள் 1955 சீர்திருத்தத்தில் இதைப் புனித வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தார்கள், 2016-ல் போப் பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதியைத் திருத்தினார். எனக்கு மிகவும் பிடித்தது 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு. மடத்தில் வாரம் ஒருவர் சமையல் வேலை பார்க்க வேண்டும். வாரம் முடிந்து போகிறவரும் புதிதாக வருகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். கால் கழுவுவதை அடுப்படி வேலையோடு கட்டிப்போட்டுவிட்டார். அது வருடத்துக்கு ஒருநாள் பீடத்துக்கு முன்னால் மட்டும் நடப்பதாக இல்லை.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. “உங்களுக்கு மாதிரியைக் காண்பித்தேன்” என்கிறார் இயேசு. மாதிரி என்றால் சாம்பிள். நீங்கள் ஒரு சாம்பிள் பீஸ் தைத்து பையர் ஓகே செய்த பிறகு என்ன நடக்கிறது? அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவதில்லை. புரொடக்‌ஷன் ஓடுகிறது. சைஸ் மாறும், கலர் மாறும், தையல் மட்டும் மாறக் கூடாது. அதே நேரம் சாம்பிளைத் தூக்கி எறிவதும் இல்லை, சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறீர்கள். பெரிய வியாழன் ஆராதனையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த இரவின் தையல் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு ஒருநாள் நல்லதுதான்.

தையல் எங்கே இருக்கிறது என்பதில்தான் எனக்கு ஒரு வலுவான எண்ணம் உண்டு. “ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினதுண்டானால், நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்.” நாம் ‘கழுவ’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறோம். இயேசு அழுத்தம் கொடுப்பது ‘ஒருவருடைய... ஒருவர்’ என்பதில். நான் உங்களுக்குக் கழுவினேன், நீங்கள் எனக்குக் கழுவுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம், அதுதான் குருவுக்குச் சீடர் செய்யும் முறையும். அப்படிச் சொல்லவில்லை. இன்று கழுவுகிறவன் நாளைக்குக் காலை நீட்ட வேண்டும். இன்று காலை நீட்டினவன் நாளைக்குக் குனிய வேண்டும். அதே அதிகாரத்தின் கடைசியில் வரும் புதிய கட்டளையிலும் இதே ‘ஒருவரிலொருவர்’ திரும்ப வருகிறது. ஆயர் மட்டும் கழுவி, சபையார் மட்டும் நீட்டினால் பாதிதான் நடந்திருக்கிறது.

கோபி பக்கத்துச் சபையில் நான் முதல்முறை இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே குளித்து, குதிங்காலைக் கல்லில் தேய்த்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்கள். எல்லாரும் மூப்பர்கள், இல்லாவிட்டால் கட்டட நிதிக்கு நிறையக் கொடுத்தவர்கள். பதினோரு பேரைக் கழுவியும் போசியில், அதாவது பாத்திரத்தில், தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக இருந்தது. பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். மஞ்சள் வேகவைக்கும் காலம். காலையிலிருந்து கொப்பரைப் பக்கம் நின்றுவிட்டு நேராக ஆராதனைக்கு வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்தவர் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “வேண்டாமுங்க சாமி, அழுக்குங்க” என்று மெதுவாகச் சொன்னார். நான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. குதிங்கால் முழுக்க வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் மஞ்சள் கோடுகோடாக ஏறியிருந்தது. தண்ணீர் விட்டதும் போசி முழுக்க மஞ்சளானது. துண்டும் மஞ்சளானது, பிறகு எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அன்று இரவு நான் கழுவியது ஒரு கால்தான் என்று எனக்குத் தோன்றியது. மற்ற பதினோரு ஜோடியும் ஏற்கெனவே கழுவப்பட்டு வந்தவை.

அப்புறம் ஒன்று. நான் அவர் காலைக் கழுவினேன். அந்தச் சபையில் இருந்த நான்கு வருடத்தில் அவர் எனக்கு எதையும் செய்ய நான் இடம் கொடுக்கவில்லை. ஒருமுறை ஒரு படி மஞ்சள் கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கஷ்டப்பட்டவரிடம் வாங்கக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அது தப்பு. எப்போதும் கொடுக்கிற இடத்தில் நான், எப்போதும் வாங்குகிற இடத்தில் அவர் என்று ஆக்கிவிட்டேன்.

நம் கொங்கு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. யார் குனிய வேண்டும், யார் நிற்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்து வைத்திருந்த மண் இது. வீட்டு வாசலில் எவ்வளவு தூரம் வரலாம், எந்த டம்ளரில் குடிக்கலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. சபைக்குள் வந்தால் அது கழன்று விழுந்துவிடும் என்றால், விழவில்லை. 1850-ல் கோவைக்கு முதல் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக (போப்பின் சார்பில் அந்தப் பகுதிச் சபையை நடத்துகிறவராக) நியமிக்கப்பட்ட மேற்றிராணியார் மரியோன் பிரேசியாக், மலபார் சடங்குகள் எனப்பட்ட, சாதி வழக்கத்தோடு பின்னிய சிக்கலில் மனச்சாட்சிக்கு அமைதி கிடைக்காமல் 1855-ல் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கி, 1859-ல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனால் அவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்துச் சபைகளும் இந்த விஷயத்தில் சுத்தமாக இல்லை.

தாராபுரம் பக்கத்தில் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சாப்பிட்டு முடிந்ததும் எச்சில் தட்டைக் கழுவுவது மட்டும் எப்போதும் ஒரே தெருப் பெண்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை, அவர்களே எழுந்து போய்விடுவார்கள். ஒரு வருடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் (எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்) பந்தியிலிருந்து எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கம் தொட்டிக்குப் போனார். கவிழ்த்துப் போட்ட ஒரு போசியின் மேல் உட்கார்ந்து தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் முதலில் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார்கள், அப்புறம் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் அப்போது முன்பக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் யார் எத்தனை மூட்டை அரிசி கொடுத்தார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் இரண்டு குடும்பங்கள் பந்திக்கே வரவில்லை. டீச்சர் வந்தார், தட்டும் கழுவினார்.

சில வருடம் கழித்து டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண், தொட்டிக்கரையில் அவரோடு உட்கார்ந்து தட்டுத் தேய்த்தவர், தினமும் காலையில் வந்து உடம்பு துடைத்துவிட ஆரம்பித்தார். டீச்சர் மூன்று நாள் அதற்குச் சம்மதிக்கவில்லை. போர்வையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நீ எதுக்கு கண்ணு, ஆள் வெச்சுக்கறேன்” என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நான் ஜெபிக்கப் போயிருந்தேன். அந்தப் பெண் வெந்நீர்ப் போசியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “காலை நீட்டுங்க டீச்சர், தண்ணி ஆறிப்போகுதுங்க” என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் வெளியே போய் நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

இயேசு தன் காலைக் கழுவ வந்தபோது சீடரான பேதுரு பிடிவாதம் பிடித்தது எனக்கு அந்தத் திண்ணையில் நின்றபோதுதான் புரிந்தது. “நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது” என்கிறார். அது பார்க்க மரியாதை போலத்தான் இருக்கிறது. இயேசு அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை” என்று கடுமையாகச் சொல்கிறார். செய்கிறவனுக்கு ஒரு பலம் இருக்கிறது, அவன் கையில் துண்டு இருக்கிறது. காலை நீட்டுகிறவன் கையில் ஒன்றும் இல்லை. அவன் வெடிப்பு, நகம், நாற்றம் எல்லாம் இன்னொருவர் கண்ணுக்கு நேராக. நீங்கள் சொல்லும் கூச்சம் இதுதான் என்று நினைக்கிறேன். அது கெட்ட கூச்சம் இல்லை. பேதுருவுக்கும் இருந்தது, டீச்சருக்கும் இருந்தது.

சொந்தச் சபையாருக்கு மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். யோவான் எழுதினவற்றில் ‘ஒருவரிலொருவர்’ என்பது முதலில் சீஷர்களுக்குள், சகோதரர்களுக்குள் என்ற பொருளில்தான் வருகிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. அது குறுகிய மனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களை நேசிப்பது சுலபம். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராதவரையும், உங்கள் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினவரையும் நேசிப்பதுதான் பாடு. “தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?” என்று அவருடைய நிருபமே கேட்கிறது. பவுல் கலாத்தியர் 6-ல் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்: யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும். வீட்டில் பழகின கை வெளியேயும் அப்படியே நீளும். 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். அவர் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று ஆதங்கப்படுகிறார்.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கொல்லிமலையில் பாப்டிஸ்ட் மிஷனரிகளாக இருந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914-ல் அந்த மலையில்தான் பிறந்தார். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகம் அறிந்தவர். சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் சிலர் வீட்டுக்கு வந்ததையும், அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டியதையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தகப்பன் 1929-ல் காய்ச்சலில் அதே மலையில் இறந்தார். தாய் தொண்ணூறு வயதைத் தாண்டியும் மலைமக்களிடையே ஊழியம் செய்து, 1974-ல் காலமானார். வந்தவர்கள் எந்தச் சபை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வசனங்களை வைத்துத் தாழ்மையாக இரு என்று சொல்லும்போது, யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மேலே இருந்து கீழே வருகிறது. மருமகளுக்கு, சபையைப் பெருக்குகிறவருக்கு, சம்பளம் கேட்ட உபதேசியாருக்கு. யோவான் 13-ல் திசை வேறு. ஆண்டவரும் போதகருமானவர் முதலில் குனிந்தார். மேலே இருக்கிறவர் குனியாமல் கீழே இருக்கிறவரைக் குனியச் சொல்வதற்கு இந்த அதிகாரத்தில் ஆதாரம் கிடையாது. அதனால் உங்களுக்கும் அந்த மூப்பருக்கும் இருப்பது பணப் பாக்கியோ, அவமானப்படுத்தின பேச்சோ என்றால், ஒரு போசித் தண்ணீரில் அது கரைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாக்கி பாக்கிதான், அதைக் கேட்கும் உரிமை வெள்ளிக்கிழமையும் உங்களுக்கு இருக்கும். உங்களைப் பயமுறுத்துகிற, கை நீட்டுகிற அளவுக்குப் போன விவகாரம் என்றால் இந்த ஆராதனையில் உட்கார வேண்டாம், ஆயரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை.

அப்படி இல்லாமல் வெறும் மனக்கசப்பு என்றால், போய் உட்காருங்கள் என்பதுதான் என் பதில். வியாழக்கிழமைக்கு முன் ஒருநாள் அவர் வீட்டுக்கோ கடைக்கோ போங்கள். மத்தேயு 5-ல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று சொல்லியிருப்பது, சபையார் எல்லாரும் பார்க்கும்போது அழுது கட்டிப்பிடிப்பதற்கு அல்ல. யாரும் பார்க்காத நேரத்தில் போங்கள். பழைய கதையைப் பிரிக்க வேண்டாம். “வியாழக்கிழமை நீங்கதான் எனக்குக் கழுவறீங்களாமுங்க, நான் உட்காரறேனுங்க” என்று சொன்னால் போதும். அவர் முகம் கொடுக்காமல் போகலாம், நான் பார்த்ததில் பாதிப் பேர் அப்படித்தான். அப்போதும் உட்காருங்கள். அவர் குனிவது அவருக்கும் கஷ்டம் என்பதை மேலே இருந்து பார்க்கும்போது உங்களுக்குத் தெரியும். முடிந்தால் ஆயரிடம் ஒன்று கேளுங்கள்: பன்னிரண்டு பேரும் கழுவி முடிந்த பிறகு, உட்கார்ந்தவர்கள் எழுந்து கழுவினவர்களுக்குக் கழுவட்டும். கூடுதலாக அரைமணி நேரம்தான் ஆகும். நான் கடைசி ஒன்பது வருடம் அப்படித்தான் செய்தேன்.

செய்வதாக இருந்தால் சில விஷயங்களை ஏற்பாடு செய்கிறவர்களிடம் சொல்லுங்கள், எல்லாம் தப்பு செய்து கற்றவை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும், சூடு பட்டாலும் தெரியாது. பால் பிராண்டும் தொழுநோயாளிகளிடம் கண்டது அதையே. நோய் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாததால்தான் காயத்துக்கு மேல் காயமாகி விரல் போனது. கழுவும்போது பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் ஒருமுறை பாருங்கள். புண்ணோ கொப்புளமோ இருந்தால் அங்கேயே சத்தமாகச் சொல்லாமல், ஆராதனை முடிந்த பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள், அவசரப்பட வேண்டாம். வயதானவர்களை எழுப்பும்போது தரை ஈரமாக இருக்கும், இரண்டு பேர் கை கொடுங்கள்.